தெரு திரும்பிய பக்கம்

என் சாவிக்கொத்தில் பதினொரு பெட்டிகள்.
பத்து, தெருவைப் பார்த்து நிற்கின்றன.
ஆல்டர்மவுண்ட் சாலையில் இருப்பது மட்டும்
முதுகைக் காட்டிக்கொண்டு,
வாயை வேலிச்செடிக்குள் புதைத்துக்கொண்டு,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட உறவுக்காரர் மாதிரி.

கடிதம் போட வருகிறவர்கள்
பக்கவாட்டில் நுழைய வேண்டும்.
குடையை மடக்க வேண்டும்.
டப்ளினில் இது சின்ன விஷயமில்லை.
ஐந்தரை மணிக்கு நான்
குந்தி உட்கார்ந்து கதவைத் திறக்கையில்
பின்கழுத்தில்
இலைகள் தங்கள் பங்கு மழையை ஊற்றும்.

பழைய கடிதம் ஏதாவது கிடைத்ததுண்டா என்று
எல்லாரும் கேட்கிறார்கள்,
காதல், போர், அப்படி ஏதாவது.
இல்லை.
ஒரு கையுறை கிடைத்தது, இடது கை.
உருளைக்கிழங்கு வறுவல் சுற்றிய காகிதம், வினிகர் வாசனையோடு.
நத்தைகள் நிறைய.
பசை தடவிய ஓரமாகப் பார்த்து உறைகளைத் தின்கின்றன,
வருமான வரிக்காரர்களுக்குப் போவதையும்
பாகுபாடில்லாமல்.

பச்சை உரிந்த இடத்தில் இன்னொரு பச்சை.
அதற்கும் அடியில்,
பையன்கள் சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த இடத்தில்,
சிவப்பு.
கிரீடத்தை யாரும் செதுக்கி எடுக்கவில்லை.
ராணியின் இரண்டெழுத்தின் மேல்
புதிய நாடு பெயின்ட் அடித்துவிட்டு
காய்வதற்குள் தபால் எடுக்க வந்துவிட்டது.
அவசரத்தில் செய்த காரியங்கள்தான்
இந்த ஊரில் நிலைக்கின்றன.

முப்பது வருடமாகப் பெட்டியோடு மனத்தாங்கல்
மூலைவீட்டு கொன்செப்டா ப்ரோஃபிக்கு.
அவள் சமையலறை ஜன்னலுக்கு நேரே அதன் வாய்.
'பாத்திரம் கழுவும்போது முறைக்கிறது' என்று
தபால் துறைக்கு எழுதுவாள்.
எழுதி,
அதே பெட்டியில் போடுவாள்.
நான்தான் எடுத்துப் போவேன்.

மார்ச் மாதம் இன்ஜினியர் வந்தார், மலாக்கி டூஹி,
அளவு நாடாவும் மஞ்சள் சட்டையுமாக.
படிவத்தில் 'திசைப் பிழை' என்று எழுதிக்கொண்டார்.
தோண்டி, அரைவட்டம் திருப்பி, நட்டால் முடிந்தது.
வேலிப்பக்கம் போட்ட முதல் வெட்டிலேயே
மண்வெட்டி கணீரென்றது.

கருங்கல் பாவிய தளம்.
அதில் வண்டிச்சக்கரங்கள் தேய்த்த இரண்டு பள்ளங்கள்
பெட்டியின் வாய்க்கு முன்னால் ஓடி,
ரோஜாப் பாத்திக்கு அடியில் போய்,
நேராக ப்ரோஃபியின் சமையலறைக்குள் நுழைந்தன.

டூஹி தன் போனில் வரைபடத்தைப் பார்த்தார்.
பெரிதாக்கிப் பார்த்தார்.
பிறகு போனையே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
கையில் சோப்பு நுரையோடு வெளியே வந்த ப்ரோஃபி
குழியை ஒருமுறை, பெட்டியை ஒருமுறை,
வீட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.
'அப்படியானால் இத்தனை வருடமும்
நடுத்தெருவில் நின்றா பாத்திரம் கழுவினேன்?'

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
காஸ் கம்பெனி பில்லில் மட்டும் அவள் முகவரி
'கயிற்றுச் சந்து, ஒன்பது' என்று வரும்.
அப்படி ஒரு சந்து எங்கள் பட்டியலில் இல்லை.
பேனாவால் அடித்துத் திருத்தி
அவள் கதவிடுக்கில் போடுவேன்.
அவளும் கம்பெனிக்கு ஏழு முறை எழுதிப் பார்த்துவிட்டாள்.
யார் எழுதியும் திருந்தாத ஒரு கணினியில்
தெரு அதுபாட்டுக்கு இருந்திருக்கிறது,
மாதாமாதம் மீட்டர் ஓடிக்கொண்டு.

குழியை மூடினார்கள்.
டூஹி 'திசைப் பிழை'யை அடித்தார்.
வேறென்ன எழுதுவதென்று பேனாவைக் கடித்து,
கட்டத்தைக் காலியாகவே விட்டுப் போனார்.

இப்போது வேலியில்
ஒரு கை நுழையும் அகலத்துக்கு இலைகளை நறுக்கியிருக்கிறாள் ப்ரோஃபி.
செருப்பு மாற்றாமல் தோட்டத்திலிருந்தே கடிதம் போடுகிறாள்.
சமாதானமா என்றேன்.
'வசதி' என்றாள்.

நேற்று அவளிடமிருந்து தபால் துறைக்கு ஒன்று.
உறை மேலேயே பெரிய எழுத்தில்:
'அவசரம். பொருள்: நத்தைகள்.'

ஒரு மூலை
ஏற்கெனவே தின்னப்பட்டிருந்தது.